பொக்கை வாயும் பொது அறமும்

பல்லுக்காக ஒருவர் அமைச்சர் பதவியைத் துறந்தார் என்று சொன்னால் சிரிக்கத் தோன்றும். நாட்டுக்காகத் துறந்தவர் உண்டு; கொள்கைக்காகத் துறந்தவர் உண்டு; பல்லுக்காகவா என்று கேட்கத் தோன்றும். ஆனால், நடந்தது அதுதான்.

1951-ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்கள். பிரிட்டனில் தொழிற்கட்சியின் ஆட்சி. அமைச்சராக வீற்றிருந்தவர்களில் ஒருவர் அனூரின் பெவன். சுரங்கத் தொழிலாளியின் மகன். சிறுவயதிலேயே சுரங்கத்தில் இறங்கிப் பாடுபட்டவர். 1948 ஜூலை 5-ஆம் நாள், காசு கேட்காமல் வைத்தியம் செய்யும் தேசிய நல்வாழ்வுப் பணியைத் தம் நாட்டு மக்களுக்கு அமைத்துத் தந்தவர். அது கொரியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். படைபலம் பெருக்க மூன்றாண்டுக்கு 470 கோடி பவுன் என்று திட்டமிட்டனர். பணத்துக்கு வழி தேடிய நிதியமைச்சர் கெயிட்ஸ்கெல், அதுவரை இலவசமாகக் கிடைத்த பொய்ப்பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் இனி மக்கள் பாதி விலை தரவேண்டும் என்றார். அதனால் முதலாண்டில் மிச்சமாகும் என்று அவர் கணக்கிட்டது 1 கோடியே 30 இலட்சம் பவுன்.

470 கோடி எங்கே, 1 கோடியே 30 இலட்சம் எங்கே! பீரங்கிக்குப் பணம் உண்டு, பாட்டாளியின் பல்லுக்குப் பணம் இல்லையா? பெவன் பதவியை உதறினார். பின்னாளில் பிரதமரான ஹெரால்ட் வில்சனும் அவருடன் வெளியேறினார்.

பல் என்ன, அவ்வளவு பெரிய பொருளா? பசிக்குச் சோறு, உடலுக்கு உடை, ஒதுங்க வீடு ஆகியவற்றுக்கே வழி தேடி அலையும் உலகில், பொய்ப்பல்லுக்குப் பொதுப்பணம் கேட்பது முறையா? பல் இழந்தவருக்கு அவர் முகத்தை மீட்டுத் தருவது சமுதாயத்தின் கடமையா, காசுள்ளவர் வாங்கிக் கொள்ளும் ஒப்பனையா? இந்தக் கேள்வியைத்தான் நாம் இன்று எடுத்துக்கொள்கிறோம். பார்வைக்குச் சிறு கேள்வி. சற்றே கிளறினால், மனிதன் மனிதனை எப்படி நடத்துகிறான் என்ற பெருங்கேள்வி அதனடியில் கிடப்பது தெரியும்.

முதலில் பல் போன முகத்தைப் பார்ப்போம்; கேலிக்காக அல்ல, அறிவதற்காக.

பல், வாய்க்குள் பதித்துவைத்த வெள்ளைக் கல் அன்று. தாடை எலும்புக்குள் வேர்விட்டு நிற்பது அது. நாம் மெல்லும்போதெல்லாம் அந்த வேர் எலும்பை அழுத்துகிறது. அந்த அழுத்தமே எலும்புக்கு வேலை. அந்த வேலையே எலும்புக்கு வாழ்வு. பல் போனதும் எலும்பின் வேலை போகிறது. வேலையற்ற எலும்பை உடல் வைத்துக் காப்பதில்லை. மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. பல் பிடுங்கிய முதல் சில திங்களில் அந்தக் கரைவு விரைவாக நடக்கும், பிறகு வேகம் தணியும், ஆனால் நிற்பதில்லை. 25 ஆண்டுக்கால அளவீடுகளைக் கொண்டு 1972-இல் வெளியான ஆய்வு ஒன்று, பற்களை எல்லாம் இழந்தோரின் கீழ்த்தாடை மேடு, மேல்தாடை மேட்டைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்கிறது என்று காட்டிற்று.

ஒரு பல் போனாலும் ஊரே அசையும். இருபுறத்துப் பற்களும் வெற்றிடம் நோக்கிச் சாயும். எதிர்ப்புறத்துப் பல், தாங்குவார் இன்றி இறங்கிவரும் அல்லது ஏறிவரும். பற்கள் எல்லாம் போய்விட்டாலோ, முகத்தின் கீழ்ப்பகுதியே குறுகுகிறது. தடுக்கப் பல் இல்லாததால் கீழ்த்தாடை அளவுக்கு மீறி மேலேறி மூடுகிறது. முகவாய் முன்னே துருத்துகிறது. மூக்குக்கும் முகவாய்க்கும் இடையே உள்ள தொலைவு சுருங்குகிறது. உதட்டுக்குப் பின்னால் அணைப்பு இல்லை. ஆகவே உதடு உள்ளே மடிகிறது. கன்னம் குழிகிறது. வாயின் இரு ஓரங்களிலும் மடிப்பு விழுந்து, எச்சில் தேங்கிப் புண்ணாவதும் உண்டு. நாற்பது வயதுக்காரர் அறுபது வயதுக்காரராகத் தோன்றுவது இப்படித்தான்.

முகத்தோடு முடிந்ததா? இல்லை. எழுத்துகள் பிறக்கும் இடங்களைக் கணக்கெடுத்த தொல்காப்பியம், தலை, மிடறு, நெஞ்சு, இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பல்லையும் சேர்த்தே எண்ணியது. தகரமும் நகரமும் நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடும்போது பிறப்பவை. வகரம் பல்லும் இதழும் கூடுமிடத்தில் பிறப்பது. தம்பி என்பதற்கும், நாடு என்பதற்கும், வாழ்வு என்பதற்கும் பல் வேண்டும்! 'பல் போனால் சொல் போச்சு' என்று நம் மக்கள் சொன்னது வெறும் எதுகைக்காக அன்று. கண்டறிந்த உண்மையை நான்கு சொல்லில் வடித்தனர்.

ஆக, பல் போனவர் இழப்பது ஒன்றல்ல. உண்ணும் உணவு சுருங்குகிறது. கடித்துத் தின்பதெல்லாம் விலக்காகிறது. பேசும் பேச்சு குழறுகிறது. சிரிக்கும்போது கை தானாக வாயை மறைக்கிறது. அவையில் முன்வரிசையில் அமர்ந்தவர் பின்வரிசை தேடுகிறார். உறவினர் வீட்டுத் திருமணத்தில் படம் எடுக்கையில் தலையைக் குனிந்துகொள்கிறார். இவை எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத இழப்புகள்.

இந்த இழப்பை உலகம் எப்படிப் பார்த்தது? நாடக மேடையைப் பாருங்கள். ஒருவரைக் கோமாளியாக்க வேண்டுமா? முன்பல் இரண்டில் கறுப்பு மை தடவு! மக்கள் சிரித்துவிடுவர். ஐரோப்பியச் சிறுவர் ஏடுகளில் வரும் சூனியக்காரியின் படத்தைப் பாருங்கள். வளைந்த மூக்கு, அதைத் தொட வரும் முகவாய், உள்ளே ஒடுங்கிய வாய். யார் அவள்? பல்லிழந்த ஓர் ஏழைக் கிழவி! எலும்பு கரைந்ததால் அமைந்த முகத்தை, தீமையின் முகம் என்று வரைந்தனர், குழந்தைகளுக்குக் காட்டினர், அச்சுறுத்தினர். வறுமை ஒரு முகத்தைச் செதுக்கியது. மூடத்தனம் அந்த முகத்துக்குக் குற்றம் சாட்டியது.

"வயது ஆனால் பல் விழும், இது இயற்கை, இதற்கு எவரை நோவது?" என்பர் சிலர். "தலையெழுத்து" என்பர் வேறு சிலர். தலையெழுத்தா என்பதைப் புள்ளிவிவரம் சொல்லட்டும். 1968-இல் கணக்கெடுத்தபோது, இங்கிலாந்திலும் வேல்சிலும் வயது வந்தோரில் 100-க்கு 37 பேருக்கு ஒரு பல்கூட இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கணக்கில் இங்கிலாந்தில் அந்த எண்ணிக்கை 100-க்கு 6. நாற்பது ஆண்டுகளில் முதுமை மறைந்துவிட்டதா? முன்னிலும் நீண்ட நாள் அல்லவா மக்கள் வாழ்கிறார்கள்! மாறியது தலையெழுத்து அன்று. 1970-களில் ஃப்ளோரைடு கலந்த பற்பசை பரவிற்று. சொத்தைப் பல்லைப் பிடுங்குவதைவிட அடைத்துக் காப்பது பெருகிற்று. மக்கள் அறிவு வளர்ந்தது. அதே பிரிட்டனின் தொழிற்பகுதிகளில் அதற்கு முந்தைய தலைமுறையில், மணமாகப் போகும் பெண்ணின் பற்களை எல்லாம் முன்கூட்டியே பிடுங்கிப் பொய்ப்பல் பொருத்துவதைச் சீராகக் கருதியவரும் இருந்தனர். வரப்போகும் கணவனுக்குப் பல் வைத்தியச் செலவு இருக்கக்கூடாதாம்! அதையும் அன்று இயற்கை என்றே எண்ணியிருப்பர்.

பல் போவதற்குக் காரணம் உண்டு. இனிப்பைத் தின்று அமிலம் கக்கும் நுண்ணுயிர்கள் பல்லை அரிக்கின்றன. ஈறு நோய், பல்லைத் தாங்கும் எலும்பைத் தின்கிறது. புகையிலை அந்நோயை வளர்க்கிறது. நீரிழிவு அதற்குத் துணை நிற்கிறது. இவற்றை அறியாத காலத்தில், பல்லுக்குள் புழு இருந்து குடைகிறது என்று பாபிலோனியர் முதல் நம்பினர். பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட நூலில் அந்தப் புழுக்கதையை ஏற்க மறுத்தார். ஆனால் நம்மிடையே? 'பூச்சிப்பல்' என்ற சொல் இன்றும் வழங்குகிறது. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் புழு உதிரும் என்ற பேச்சும் ஓயவில்லை. மேற்பல்லைப் பிடுங்கினால் கண் குருடாகும் என்ற அச்சத்தால், சீழ்கோத்த பல்லோடு ஆண்டுக்கணக்கில் அவதிப்படுவோர் உளர். கண்ணுக்குச் செல்லும் பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. பல்லைப் பிடுங்கியதால் பார்வை போவதில்லை. இதைத் தாத்தாவிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லும் பேரன், ஒரு பகுத்தறிவுக் கூட்டம் நடத்திய பயனைப் பெறுகிறான்.

இனி, இழந்த பல்லை மீட்கும் முயற்சியின் வரலாற்றுக்கு வருவோம். அதில் பெருமையும் உண்டு, வெட்கமும் உண்டு.

ஜார்ஜ் வாஷிங்டனை அறியாதார் யார்? விடுதலைப் போர் நடத்தி, அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரானவர். 1789-இல் அவர் பதவி ஏற்றபோது வாயில் எஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. மரப்பல் வைத்திருந்தார் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், மனிதப் பற்கள், உலோகச் சுருள்வில் இவற்றால் ஆன பல்செட்டுகளை அவர் அணிந்தார். 1796-இல் கில்பர்ட் ஸ்டூவர்ட் தீட்டிய அவரது ஓவியத்தில் வாய்ப்பகுதி உப்பி, உதடு இறுகியிருப்பதைக் காணலாம். அமெரிக்காவின் ஒரு டாலர் நோட்டில் உலகெங்கும் உலவுவது அந்த முகமே.

அந்தப் பற்களில் மனிதப் பற்கள் யாருடையவை? 1784-ஆம் ஆண்டு அவருடைய கணக்கேட்டில் ஒரு வரி இருக்கிறது. பல் மருத்துவர் ஒருவரின் பொருட்டு, நீக்ரோக்களிடம் 9 பற்கள் வாங்கிய வகையில் 6 பவுன் 2 ஷில்லிங். அந்த 9 பற்களும் அவர் வாய்க்கே சென்றன என்று உறுதி கூற ஆதாரம் இல்லை. ஆனால், வாங்கப்பட்டன என்பதற்கு ஆதாரம் அந்த ஏடு. அவர் இறந்த 1799-இல் மவுண்ட் வெர்னான் பண்ணையில் இருந்த அடிமைகள் 300-க்கும் மேற்பட்டோர். அடிமையிடம் பல்லை 'விலைக்கு' வாங்குவது என்றால் என்ன பொருள்? மறுக்க உரிமை இல்லாதவனிடம் நடக்கும் கொள்முதலுக்கு வாணிபம் என்று பெயரா? தலைவரின் முகம் ஓவியமாயிற்று, நோட்டாயிற்று. பல் கொடுத்தவர்களின் முகம் எங்கே? பெயர்கூட அந்த வரியில் இல்லை!

இது ஒருவர் குற்றமன்று; ஒரு காலத்தின் வழக்கம். 1815-இல் வாட்டர்லூ களத்தில் மாண்ட வீரர்களின் வாயிலிருந்து பற்களைப் பிடுங்கி விற்றனர், செல்வர்கள் அணிந்தனர், 'வாட்டர்லூ பற்கள்' என்ற பெயரே நிலைத்தது. 'ஏழை படும் பாடு' என்று 1950-இல் தமிழில் படமாக வந்ததே, அதற்கு மூலமான விக்டர் யூகோவின் 'லே மிசராபிள்' நாவலில் ஃபான்டீன் என்ற ஏழைத்தாய், மகள் நோயுற்றாள் என்ற பொய்யை நம்பி, தன் முன்பற்கள் இரண்டை இரண்டு தங்க நாணயத்துக்கு விற்கிறாள். கதைதான்; ஆனால் பல் விற்கப்பட்ட உலகம் கதையன்று. ஒருவர் முகம் பொலிய இன்னொருவர் முகம் குலைந்த காலம் அது.

அந்தக் கொடுமையை ஒழித்தது எது? இரக்க உபதேசமா? பெரும்பாலும் இல்லை. சூளையில் சுட்ட பீங்கான் பல் வந்தது. பிறகு, கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பரில் ஈறுபோன்ற அடித்தட்டு வந்தது. மனிதப் பல் தேவையற்றதாயிற்று, விலையும் இறங்கிற்று. ஆனால் அங்கும் பேராசை வழிமறித்தது. 1864-இல் பெற்ற காப்புரிமையைக் காட்டி, ஓர் அமெரிக்க நிறுவனம் ரப்பர் தட்டு செய்யும் ஒவ்வொரு பல் மருத்துவரிடமும் கப்பம் கேட்டது. வழக்குமேல் வழக்குப் போட்டது. 1879-இல் அதன் பொருளாளரை ஒரு பல் மருத்துவர் சான் பிரான்சிஸ்கோ நகரில் சுட்டுக் கொன்றார். கொலையை நாம் போற்றவில்லை. ஏழையின் வாய்க்குப் போகவேண்டிய பொருளுக்குச் சுங்கச்சாவடி அமைத்தால் எவ்வளவு கசப்பு விளையும் என்பதற்கே அதைக் குறிக்கிறோம்.

இன்று வழிகள் பல. கழற்றி மாட்டும் பல்செட், அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் பொருளால் ஆவது, விலை குறைவு, உதட்டையும் கன்னத்தையும் தாங்கி முகத்தை நிமிர்த்தும். ஆனால் எலும்பு கரைவதை அது நிறுத்தாது. ஆகவே நாளடைவில் தளரும். சில ஆண்டுக்கொரு முறை சீராக்கவோ மாற்றவோ வேண்டும். இரண்டாவது, பிரிட்ஜ் எனப்படும் பாலம்: இருபுறத்துப் பற்களைத் தேய்த்துத் தூண்களாக்கி, நடுவில் பல் கட்டுவது. உறுதியானது, ஆனால் நல்ல பற்களைத் தேய்க்க நேரிடும். மூன்றாவது, தாடை எலும்பிலேயே டைட்டானியம் திருகைப் பதித்து அதன்மேல் பல் பொருத்தும் இம்ப்ளாண்ட். 1952-இல் சுவீடன் நாட்டு அறிஞர் பிரோனெமார்க், முயலின் காலெலும்பில் ஆய்வுக்காக வைத்த டைட்டானியக் கருவியை எடுக்க முயன்றபோது, எலும்பு அதனுடன் ஒன்றிவிட்டதைக் கண்டார். 1965-இல் மனிதருக்குப் பொருத்தினார். வேர்போல் நின்று எலும்புக்கு மீண்டும் வேலை தருவதால், கரைவு பெரிதும் தடைப்படுகிறது. கீழ்த்தாடையில் இரண்டு திருகு வைத்து, அதன்மேல் பல்செட்டை மாட்டுவதே பற்கள் எல்லாம் இழந்தோர்க்குக் குறைந்தபட்சத் தரமாக வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் கூறினர்.

விஞ்ஞானம் தன் கடமையைச் செய்துவிட்டது. அறம் தன் கடமையைச் செய்ததா? ஓர் இம்ப்ளாண்டுக்குப் பல ஆயிரம் ரூபாய்! கூலித் தொழிலாளி அதைக் காதால் கேட்கலாம். வாயால் அனுபவிக்க முடியுமா?

இங்கேதான் மறுப்புரைகள் எழுகின்றன. ஒவ்வொன்றையும் எடை போடுவோம்.

"அழகு அகத்தில் இருக்கிறது. காந்தியாரின் பொக்கை வாய்ச் சிரிப்பை உலகமே விரும்பவில்லையா?" விரும்பிற்று. மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொக்கை வாயோடு அவர் வேலை கேட்டு எந்த நிறுவனத்தின் வாயிற்படியிலும் நின்றதில்லை. அவரை உலகம் முன்பே அறிந்திருந்தது. அறியப்பட்டவருக்கு முகம் எப்படியிருந்தாலும் மதிப்பு உண்டு. அறியப்படாதவருக்கு முகமே அறிமுகம். வேலைக்குச் செல்லும் இளைஞன், வாடிக்கையாளர் முன் நிற்கும் பெண், இவர்களைப் பார்த்து 'அகத்தைக் காட்டு' என்று சொல்வது, கதவைச் சாத்திக்கொண்டு 'உள்ளே வா' என்பதாகும்.

"அப்படியானால் திருத்த வேண்டியது பார்ப்பவன் கண்ணை, பல்லிழந்தவன் வாயை அன்று." இதில் உண்மை உண்டு. பல்லில்லாத முகத்தை எள்ளும் பழக்கம் ஒழியத்தான் வேண்டும். பொய்ப்பல் வேண்டாம், இப்படியே மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்னும் பாட்டியை வற்புறுத்தவும் எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் வேண்டாம் என்பதற்கும் கிட்டவில்லை என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பெற முடிந்தவன் மறுத்தால் அது விருப்பம்; பெற முடியாதவன் பேசாதிருந்தால் அது வறுமை. அந்த வறுமைக்குத் துறவுப் பட்டம் சூட்டுவது ஏமாற்று. உலகின் பார்வை திருந்துகிற வரையில் ஒருவன் கஞ்சியையே குடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்க வேண்டுமா?

"இதற்கு இடம் கொடுத்தால், சினிமா நடிகர் போலப் பல் வேண்டும் என்று எல்லாரும் கேட்பர்." இழந்ததை மீட்பது வேறு, இருப்பதை மினுக்குவது வேறு. நோயில்லாத நல்ல பற்களைத் தேய்த்து வெண்தகடு ஒட்டிக்கொள்பவர் தம் காசில் செய்துகொள்ளட்டும், பொதுப்பணம் அதற்கன்று. கோடு எங்கே என்று கேட்டால், நமது விடை இது: மெல்லவும், பேசவும், கையால் வாயை மறைக்காமல் நாலுபேர் நடுவில் நிற்கவும் எது தேவையோ, அதுவரை சமுதாயத்தின் கடமை. அதற்கப்பால் அவரவர் விருப்பம்.

"பணம்?" கடைசியில் வருவது இதுதான். உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில், 60 வயது கடந்தோரில் 100-க்கு ஏறத்தாழ 23 பேர் பற்களை முற்றிலும் இழந்தவர்கள். அத்தனை பேருக்கும் இம்ப்ளாண்ட் பொருத்தக் கருவூலம் போதாது என்பதை நாமும் அறிவோம். ஆகவே வரிசை வேண்டும். முதலில் பல் போகாமல் காப்பது. அது எல்லாவற்றிலும் மலிவு. அடுத்து, போனவருக்கு நல்ல பல்செட். அதன்பின், தாடை மிகத் தேய்ந்து பல்செட் நிற்காதவருக்கு இரண்டு திருகு. இது ஆகாத காரியம் அன்று. நம் அண்டையிலுள்ள கேரள அரசு, வறுமைக் கோட்டின் கீழுள்ள முதியோர்க்கு இலவசமாகப் பல்செட் வழங்க 'மந்தஹாசம்' என்ற திட்டமே வகுத்தது. மந்தஹாசம் என்றால் புன்னகை. ஏழைக் கிழவரின் புன்னகையை ஓர் அரசு தன் வரவுசெலவுக் கணக்கில் எழுதியது சிறு செயல் அன்று.

தோழர்களே! நம் ஊர்களில் நாம் செய்யக்கூடியவை உள்ளன. புகையிலையை விட்டொழியுங்கள், விடச் சொல்லுங்கள். ஃப்ளோரைடு பற்பசையால் நாளுக்கு இருமுறை பல் துலக்கும் பழக்கத்தைச் சிறுவரிடம் வளருங்கள். பல்வலி வந்தவரைப் புழு எடுப்பவனிடம் விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையில் பல் பிடுங்க மட்டும் ஆள் இருந்து, பல் கட்ட ஆள் இல்லையென்றால், 'எடுத்தீர்கள், கொடுப்பது யார்?' என்று கேட்டு மனுக் கொடுங்கள். முன்பல்லில் மை தடவிய கோமாளி மேடைக்கு வந்தால், கைதட்டும் முன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

அன்று பெவன் தோற்றார். பொய்ப்பல்லுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. இங்கிலாந்தில் இன்றும் பெரும்பாலான பெரியவர்கள் அதற்குக் கட்டணம் செலுத்துகிறார்கள். ஆனால் அவர் பதவியைவிட்டு இறங்கி எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. அடிமையின் வாயிலிருந்து பிடுங்கிய பல்லை ஆண்டான் அணிந்த காலம் போயிற்று. ஏழைக்குப் பல்லில்லை, செல்வர்க்கு உண்டு என்ற காலம் இன்னும் போகவில்லை. முன்னதைப் போக்கியது விஞ்ஞானம். பின்னதைப் போக்க வேண்டியவர்கள் நாம்.